மூச்சும் வினையும்

தில்லைச் சிற்றம்பலத்தின் பொற்கூரையை வேய்ந்த ஓடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் சுவாசங்களைக் குறிப்பன என்றும் பெரியோர் சொல்லி வருவர். நிமிஷத்துக்குப் பதினைந்து என்று பெருக்கிப் பார்த்தால், வைத்திய சாஸ்திரத்தின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. ஆகாயத்தையே ஆண்டவனாக வணங்கும் அத்தலத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் சாலையில், உப்பனாற்றங்கரையில், சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அதன் அண்டையிலுள்ள ஈச்சங்காடு, குடிகாடு முதலிய கிராமத்தார் நெடுங்காலமாக நாற்றத்தைச் சுவாசித்துச் சலித்து, 2004-இல் தாமே காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பத் துணிந்தார்கள். அவர்கள் பிடித்தவை வாயுக்கள். மோப்பத்துக்கே எட்டாத துகள்களின் கதை வேறு.

கொதிகலன்களும் லாரிகளும் கக்கும் புகையில், ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறிட்டால் அக்கூறு ஒன்றினும் சிறியவான நானோ துகள்கள் கலந்திருக்கின்றன. (சந்நிதியில் நாம் ஏற்றும் கற்பூரப் புகையிலும் அவை உண்டென்பதை மறைப்பதற்கில்லை.) பெருந்தூசியை நாசியின் ரோமமும் சளியும் தடுத்துவிட, இவையோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று படிகின்றன, அங்கே அவற்றை விழுங்க வரும் உயிரணுக்கள், விழுங்கியதைச் செரிக்க மாட்டாமல், அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சொரிகின்றன. திடகாத்திரரிடத்தில் அது பெரும்பாலும் தணிந்துவிடும். ஆஸ்துமாவினாலோ புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோயினாலோ மூச்சுக்குழல் சுருங்கியவரிடத்தில் துகள்கள் மிகுதியாகத் தங்க, திருடனைப் பிடிக்க வந்த காவலரே வீட்டைக் கொளுத்தினாற்போல், முன்பே கனன்ற அழற்சி மூண்டெழுகிறது.

ஒரே காற்று ஒருவரை விட்டு ஒருவரை வருத்தும் இவ்வேறுபாட்டைக் கண்டுதான், ‘அவரவர் பிராரப்தம்’ என்று சிலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நோயுற்ற நுரையீரல் வாய்த்தது முன்வினையே என்று வைத்துக்கொண்டாலும், அதன்மேல் புகையை ஏவியது யாருடைய வினை? பிராரப்தத்தைப் பேசிய சைவ சித்தாந்தமே ஆகாமியத்தையும் பேசிற்று. இன்று செய்யும் கருமம் செய்தவன் கணக்கிலேயே ஏறும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் தோன்றி, 1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்ட வள்ளலார், ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ‘அவரவர் வினை’ என்னும் இந்த ஆட்சேபத்தையே எடுத்துக்கொண்டு, வினையால் வருந்துவோருக்கு உதவுவது ஈசுவர ஆணைக்கு விரோதமாகாதென்று நிலைநாட்டினார். அவர் பேசியது பசியைப் பற்றி. பசித்தவனாவது ஒரு வேளை பொறுப்பான், மூச்சுக்கு ஒரு நாழிகையும் தவணையில்லை.

ஆகவே, புகைபோக்கிகளை உடையவர்கள் பிறர் வினையை ஆராய்வதற்கு முன், துகளைப் பிடிக்கும் சாதனங்களைப் பழுதின்றி இயக்கட்டும். நாமும், இழுப்பு நோயாளர் நிற்கும் சந்நிதியில் சாம்பிராணியையாவது குறைத்துக்கொள்வோம்.