பாடத்தின் உயிர் எது?

எல்லா மாணவருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே கால அளவு என்பதே நேர்மை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குறைபாடு உடைய மாணவர் ஒருவருக்காகக் கல்லூரி தன் கட்டாயப் பாடங்களைத் தளர்த்தும்போது, ‘இது இரக்கம்தான், ஆனால் நீதியா?’ என்ற கேள்வி மனத்தில் எழுகிறது. தம் பிள்ளையின் பட்டத்திற்காக அல்லும் பகலும் உழைத்த பெற்றோருக்கு அக்கேள்வி எழுவது இயல்பே. அதனைப் புறந்தள்ளாமல் எதிர்கொள்வதே முறை. அமெரிக்காவில், சார்லஸ் ஆற்றின் இரு கரைகளிலும் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் இதற்கு நமக்குத் துணைபுரியும்.

ஆற்றின் ஒரு கரையில் கேம்பிரிட்ஜ் நகரம். அங்கிருந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் சேர்வதற்காக, பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஹெலன் கெல்லர் 1899ஆம் ஆண்டு இறுதி நுழைவுத் தேர்வை எழுதினார். வினாத்தாளை அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் படித்துக் காட்டக் கல்லூரி இசையவில்லை. ஆகவே வினாக்கள் பிரெயில் புள்ளி எழுத்தில் தரப்பட்டன. ஆனால் இயற்கணிதக் குறிகள் அவர் பழகியிராத வேறொரு பிரெயில் முறையில் அமைந்திருந்தன. தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் அவர் இதனை அறிந்தார். அடைப்புக்குறி எது, மூலக்குறி எது என்று பிரித்தறிய இயலாமல் முந்தைய இரவு வரை அவர் தடுமாறினார். ஆயினும் தேர்ச்சி பெற்றார். 1904இல் சிறப்புடன் பட்டமும் பெற்றார்.

அன்று அந்த அறையில் சோதிக்கப்பட்டது எது? அவருடைய கணித அறிவா, அல்லது பழகாத புள்ளிகளை விரல் நுனியால் இனம் காணும் திறனா? கணித அறிவே என்றால், பழகிய குறிகளில் வினாவைத் தருவதால் கணிதம் சிறிதும் குறைந்துபோகாது. மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வு எழுதும் மாணவரைப் பார்த்து, மற்றவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்று நாம் சொல்வதில்லை அன்றோ? பார்வைக் கூர்மையை அளப்பது அத்தேர்வின் நோக்கமன்று என்பதை நாம் அறிவோம். கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும் இத்தகையனவே. வழி மாறுகிறது, சேருமிடம் மாறவில்லை.

இதுவரை சிக்கல் எளிது. பாடமே தடையாகும்போதுதான் அது கடுமையாகிறது.

ஆற்றின் எதிர்க்கரையில் பாஸ்டன் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் கலை அறிவியல் கல்லூரியில் பட்டம் பெற அயல்மொழி ஒன்றில் தேர்ச்சி கட்டாயம். எழுத்தை வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உடைய மாணவர் சிலர், மொழிபெயர்ப்பில் பிறநாட்டு இலக்கியம் போன்ற மாற்றுப் பாடங்களைக் கேட்டனர். கெல்லரோ பிரெஞ்சும் ஜெர்மானியமும் கற்றுத் தேர்ந்தவர். கண்ணும் காதும் உள்ள இவர்களுக்கு அயல்மொழி எட்டாத மலையாயிற்று. கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டை நம்புவது மனிதருக்கு எளிதன்று.

அப்போது அப்பல்கலைக்கழகத்தின் உயர்பொறுப்பில் இருந்து, பின்னர் அதன் தலைவராகிய ஜான் வெஸ்ட்லிங், 1995இல் ஆற்றிய உரை ஒன்றில் ‘உறங்கும் சமந்தா’ என்ற மாணவியைப் பற்றிப் பேசினார். வகுப்பில் தூங்கிவிடக்கூடும் என்றும், தவறவிட்ட பாடத்தைப் பேராசிரியரே பின்னர் எடுத்துரைக்க வேண்டும் என்றும் அவள் சலுகை கேட்டாளாம். மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1997இல், அப்படி ஒரு மாணவி இருந்ததேயில்லை என்றும், அவள் தம் கற்பனை என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

அவ்வாண்டு நீதிபதி சாரிஸ் தீர்ப்பளித்தார். மாற்றுப் பாடத்தை மறுத்த முடிவு, உரிய ஆய்வின்றி, தவறான முற்கோளின் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்றார். பேராசிரியர்கள் கூடி ஆராய்ந்து முடிவு காணுமாறு பணித்தார். அவர்கள் ஆராய்ந்து, அயல்மொழிக் கல்வி அப்பட்டத்தின் அடிப்படைக் கூறு, அதனை நீக்கினால் பட்டத்தின் இயல்பே மாறிவிடும் என்று கூறினர். 1998 மே மாதத்தில் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது.

ஆழ்ந்து நோக்குங்கள். முதலிலும் இறுதியிலும் விடை ஒன்றே: ‘முடியாது’. ஆயினும் முன்னது அநீதி எனப்பட்டது, பின்னது ஏற்கப்பட்டது. முன்னது இல்லாத ஒரு சமந்தாவைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பின்னது, ‘எங்கள் பாடத்தின் உயிர் எது?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டவர்கள் சொன்னது. மறுக்கப்பட்ட மாணவருக்கு இரண்டும் வலிக்கும். ஆனால் இரண்டாவது அவரைப் பொய்யர் என்று இழிவுபடுத்தவில்லை.

அத்துடன் மனநிறைவு கொள்ளலாமா? சட்டம் கேட்பது அவ்வளவே. அறம் இன்னும் சற்றுத் தொலைவு நம்மோடு நடக்கச் சொல்கிறது. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கினர். வாசல் வழியாக வரவில்லை என்று ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. வாசல் அடைபட்ட இடத்தில், கூரையைப் பிரிக்க நாம் எவ்வளவு முயன்றோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

நம் நாட்டிலும் இக்கேள்வி வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்னும் அதன் 17ஆம் பிரிவு, கூடுதல் நேரம், எழுத உதவியாளர் ஆகியவற்றோடு இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கையும் குறிப்பிடுகிறது. பாஸ்டன் மறுத்ததை நம் சட்டம் வழங்க முன்வருகிறது.

இங்கே வேறோர் ஆபத்து பதுங்கியுள்ளது. செவிப்புலன் குன்றிய மாணவியிடம், ‘உனக்கு இம்மொழிப்பாடம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது ஆசிரியருக்கு எளிது. அவள் கண்ணால் கற்கும் வகையில் அதனைக் கற்பிப்பது கடினம். எளியதை நாம் இரக்கம் என்று பெயரிட்டுவிட்டால், ஓர் இலக்கியத்தின் கதவை அவளுக்குச் சாத்திவிட்டு, அதனையே உதவி என்று கருதுவோம். முதலில் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும். அது பயன் தராவிடில் பாடத்தை மாற்ற வேண்டும். எதுவும் இயலாதபோதே விலக்களிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அவளைக் கேட்க வேண்டும்.

ஐயம் மாணவரை ஏமாற்றுக்காரராகக் காண்கிறது. மலிவான இரக்கம் அவரை இயலாதவராகக் காண்கிறது. இரண்டும் அவரைக் காணவில்லை. நம் பங்கிலும் குடும்பத்திலும் ஆசிரியராக, கல்லூரி நிர்வாகியாகப் பணிபுரிவோர் பலர் உள்ளனர். அடுத்த முறை ஒரு மாணவர் சான்றிதழோடு உங்கள் மேசை முன் வந்து நிற்கும்போது, உங்கள் உள்ளத்தில் உள்ள சமந்தாவை வெளியே அனுப்பிவிட்டு, எதிரே நிற்பவரை அமரச் சொல்லுங்கள்.