விழுப்புரத்தில் வண்டி மாறு!

வெளிநாட்டில் ஒரு செமஸ்டராவது படித்துப் பார்க்க ஆசை இருக்கிறதா?

இருக்கிறது. எனக்குத் தெரியும். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை?

"அடுத்த செமஸ்டர் பார்த்துக்கலாம்." இதுதானே உன் பதில்? முதல் செமஸ்டரிலும் இதையே சொன்னாய். நாலாவதிலும் இதையே சொல்கிறாய். ஒன்பதாவது செமஸ்டர் என்று ஒன்று கிடையாது!

விழுப்புரம் ஜங்ஷனில் நின்றிருக்கிறாயா? சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி. ஐந்து பக்கமும் தண்டவாளம்!

1910 வாக்கில் அங்கே ஓர் இளைஞன் வண்டி மாறினான். கும்பகோணத்துப் பையன். சொத்து என்று இருந்தது கணக்கு எழுதிய நோட்டு மட்டும். காட்பாடிப் பாதையில் இருக்கும் திருக்கோவிலூருக்குப் போனான். டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டான்.

அவன் யார்? கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையைப் பறிகொடுத்தவன். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவன்.

ஓர் அரியருக்கே போர்வைக்குள் முடங்குகிறாயே, அவனிடம் பட்டமே இல்லை!

வேலை கிடைக்கவில்லை. நோட்டைப் புரட்டிய ஐயர், சென்னைக் கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1914 மார்ச் 17, 'நெவாசா' கப்பல் அவனை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது.

சீனிவாச ராமானுஜன்! கேம்பிரிட்ஜ் அழைத்தபோது அவரும் முதலில் மறுத்தவர்தான். கடல் தாண்டுவது குற்றம் என்று வீடு நினைத்த காலம். பணம்? சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது.

கேட்டால்தானே கொடுப்பார்கள்? நீ யாரிடம் கேட்டாய்?

சரி, எந்த செமஸ்டர்? மழுப்பாமல் சொல்கிறேன். நாலு வருஷப் பொறியியல் என்றால் ஐந்தாவது.

மூன்றிலும் நாலிலும் துறைப் பாடம் கைக்கு வந்திருக்கும். ஏழாவதில் கேம்பஸ் இன்டர்வியூ கழுத்தைப் பிடிக்கும். எட்டாவதில் புராஜெக்ட். மூச்சுவிட இடம் நடுவில்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை போகும். அது உன் ஆறாவதையும் கடிக்கும். அதைப் போகும்முன்பே பேசித் தீர்க்க வேண்டும், திரும்பி வந்து அழக்கூடாது!

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ அரசு கலைக் கல்லூரியா? உனக்கு ஆறே செமஸ்டர். நாலாவதைக் குறிவை. பாலிடெக்னிக் முடித்து நேரே இரண்டாம் வருஷம் சேர்ந்தாயா? உனக்கு ஆறாவது. இன்னும் வேகமாக ஓடு!

ஆனால் ஐந்தாவது செமஸ்டர் ஐந்தாவதில் தொடங்குவதில்லை. மூன்றாவதிலேயே தொடங்கிவிடுகிறது!

பாஸ்போர்ட் எடு. 1,500 ரூபாய். பத்து வருஷம் செல்லும். போன வருஷம் மாற்றிய போன் என்ன விலை?

ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருஷம் நிற்கும். இப்போதே எழுது. அரியரை முடி. அங்கே படிக்கும் பாடம் இங்கே கிரெடிட்டாக ஏறுமா என்பதை எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தையை நம்பாதே!

"எங்கள் கல்லூரிக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் இல்லையே?" இல்லை என்று யார் சொன்னார்? விசாரித்தாயா? உண்மையிலேயே இல்லையென்றால் முழு செமஸ்டரை விடு, குறுகிய பயிற்சியைப் பிடி. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் ஸ்கவுட் பிரிவில் தேர்வான மாணவர்கள், 2024-இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள்தான். அந்தத் தேர்வை நீ எழுதினாயா?

"இங்கிலீஷ் வராது. பயமா இருக்கு."

இருக்கட்டுமே! மரக்காணம் உப்பளத்துக்குப் போய்ப் பார். வெயில் அடிக்குமே என்று வீட்டில் உட்கார்ந்தால் உப்பு விளையுமா? கண் கூசக் கூச வாரிக் குவிக்கிறார்கள். பயம் போன பிறகு புறப்படுவேன் என்கிறவன் திண்டிவனம் டோல்கேட்டைக்கூடத் தாண்டமாட்டான்.

ஒரு முறை மறுப்பார்கள். மறுக்கட்டும். ராமானுஜனின் கடிதங்களைக் கண்டுகொள்ளாத கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களும் இருந்தார்கள். ஹார்டி ஒருவர்தான் பதில் போட்டார். ஒருவர் போதவில்லையா?

என்ன, நாலாவது செமஸ்டரே முடிந்துவிட்டதா? அதற்காக ஏன் தலையைத் தொங்கப்போடுகிறாய்? ஆறாவதுக்கு எழுது. ஒரு வெள்ளைத்தாள் எடு. துறைத்தலைவர் நாலு மணி வரை அறையில்தான் இருப்பார்.