ஜீஸ் பெண்டின் ஒட்டுப் போர்வைகள்

துயரத்தில் கிடைக்கும் ஆறுதல் மனிதரை அநீதிக்குப் பணிந்துபோகச் செய்துவிடுமா? சமய நம்பிக்கையின் மேல் நெடுங்காலமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு இது. ஜெபமோ கைவேலையோ, மனம் போய் ஒதுங்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் அலபாமாவில், ஆற்று வளைவுக்குள் அடங்கிய ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் அங்கே நைந்த வேலைத்துணிகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்வை வேண்டும்; ஆனால் குளிர் மட்டும் காரணமல்ல. கணவரை இழந்த மிசூரி பெட்வே, அவர் வயலில் உடுத்திய துணிகளையே எடுத்து 1942இல் தைத்தார், அவர் நினைவைப் போர்த்திக்கொள்வதற்காக. பெண்கள் கூடித் தைக்கும்போது பாட்டும் ஜெபமும் உடன் நடக்கும்.

வெளியே நிலைமை கொடியது. வில்காக்ஸ் கவுண்டியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனாலும் 1965 பிறந்தபோது அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பதிவு செய்ய ஆற்றைக் கடந்து கேம்டனுக்குப் போக வேண்டும். 1962இலேயே படகை நிறுத்திவிட்டார்கள். அது திரும்பி வந்தது 2006இல்!

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். மக்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். அதற்கு விலையாகப் பல குடும்பங்கள் பிழைப்பையும் குடியிருந்த வீட்டையும் இழந்தன.

அப்போது கைகொடுத்தது அதே ஊசிதான். 1966இல் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் துணையோடு 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு பிறந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நடத்தினார். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனைகள் விற்றது.

ஆறுதல் ஒருபோதும் அடக்குவதில்லை என்று சொல்லிவிட முடியாது. அடிமை எஜமானர்கள் வேதத்தை அதற்காகவே பிரசங்கிக்கச் செய்தார்கள். மேலே இருப்பவர் வழங்கும் ஆறுதல் வேறு, துன்பப்படுகிறவர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் கையால் உண்டாக்கிக்கொள்ளும் ஆறுதல் வேறு. பின்னதில் பக்கத்தில் இருப்பவர் மேல் நம்பிக்கை வளர்கிறது. வீடு பறிபோகும் நாளில் அந்த நம்பிக்கையே முதலாகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா ஊர் விதவைகள், இறந்துபோன தொற்காள் தங்களோடு இருந்தபோது செய்த உடைகளைப் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டுகிறார்கள். அங்கும் தையல் என்பது ஒருவர் இன்னொருவரைத் தாங்கியதற்கான சான்று.

மாண்ட்கோமரி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸும் தையற்காரரே. பாட்டியிடமும் தாயிடமும் போர்வை தைக்கக் கற்றவர். 1955 டிசம்பரில் கைதானார். அடுத்த மாதமே கடைவேலை போயிற்று. பின்னர் டெட்ராய்ட்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் உழைத்தபடியே போராட்டத்திலும் நின்றார், தன் திருச்சபையிலும் ஊழியம் செய்தார்.