நாவினால் நேர்ந்த பிழை

மும்பை வடாலாவில் உள்ள விட்டலன் ஆலயத்தைப் பக்தர்கள் ‘பிரதி பண்டரிபுரம்’ என்று அழைக்கின்றனர். ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரம் செல்ல இயலாதவர்கள் இங்கே திரளாக வந்து தரிசிக்கின்றனர். துகாராம் மகராஜுடன் இவ்வாலயத்தைத் தொடர்புபடுத்திக் கூறும் மரபும் உண்டு. அப்பகுதியில் வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர் சத்சங்கம் முடிந்தபின் தயக்கத்துடன் தம் மனச்சுமையை இறக்கி வைத்தார்.

“சுவாமிஜி, அலுவலகத்தில் அன்று பெரும் நெருக்கடி. ரயிலில் நின்றபடியே வந்து வீட்டுக்குள் நுழைந்தேன். ‘ஏம்ப்பா இவ்வளவு நேரம்?’ என்று அம்மா கேட்டார். ‘நீங்கள் இங்கே வந்ததிலிருந்தே எனக்கு நிம்மதி இல்லை’ என்று சொல்லிவிட்டேன். மறுநாள், ‘டென்ஷனில் ஏதோ சொல்லிவிட்டேன் அம்மா’ என்றேன். ‘பரவாயில்லைப்பா’ என்றார். ஆனால் அதன்பின் அவர் என்னிடம் எதுவும் கேட்பதே இல்லை.”

கோபத்தினால் மதிமயக்கமும், மயக்கத்தினால் நினைவின் தடுமாற்றமும், அதனால் புத்தியின் அழிவும் விளைகின்றன என்று பகவான் கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில் உபதேசிக்கிறார். இங்கே நினைவு என்பது எது? ‘எதிரே நிற்பவர் எனக்கு யார்?’ என்ற உணர்வும் அதில் அடங்கும். கோபம் மூளும்போது தாய் என்பது மறக்கிறது. மனைவி என்பது மறக்கிறது. கோபம் தணிந்ததும் அந்த நினைவு திரும்புகிறது. அவ்வாறு திரும்பும்போது உண்டாகும் வேதனையே வருத்தம். ஆகவே வருந்துவது இறையருளின் அடையாளம். ஆனால் அந்த வருத்தத்தை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்?

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போரின் 17-ஆம் நாள் கர்ணனின் அம்புகளால் காயமுற்ற தருமபுத்திரர் பாசறையில் படுத்திருக்கிறார். நலம் விசாரிக்க வந்த அர்ஜுனன் இன்னும் கர்ணனைக் கொல்லவில்லை என்று அறிந்ததும், காண்டீபத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடும்படி ஏசுகிறார். அவ்வாறு சொல்பவரைக் கொல்வதாகச் சபதம் செய்திருந்த அர்ஜுனன் வாளை உருவுகிறான். கண்ணன் தடுத்து, “பெரியவரை அவமதித்துப் பேசுவதே அவரைக் கொல்வதற்குச் சமம்” என்று கூறி, சபதத்திற்கு அவ்வழியைக் காட்டுகிறான். அர்ஜுனன் தமையனைக் கடுஞ்சொற்களால் ஏசுகிறான். ஏசி முடித்ததும் வருத்தம் தாளாமல் மீண்டும் வாளை உருவுகிறான். இம்முறை தன்னையே மாய்த்துக்கொள்ள! கண்ணன் அதையும் தடுக்கிறான். இறுதியில் அர்ஜுனன் தமையனின் பாதங்களைப் பற்றி அழுகிறான். அவர் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு தாமும் அழுகிறார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, வாள் இருமுறை உருவப்பட்டது என்பதே. முதலில் பிறர்மீது, பின்னர் தன்மீது. வாள் ஒன்றே, கோபமும் ஒன்றே. ‘நான் இப்படிப் பேசிவிட்டேனே’ என்று தன்னையே நொந்துகொண்டிருப்பவனின் பார்வை இன்னும் ‘நான்’ என்பதிலேயே நிற்கிறது. பாதங்களைப் பற்றியபோதுதான் அர்ஜுனனின் கண்களில் தமையன் தெரிந்தார்.

அந்த அன்பரிடம் கூறினேன்: “நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் அளித்தீர்கள். பழியை அலுவலகத்தின்மீது போட்டீர்கள். ‘பரவாயில்லை’ என்று சொல்லும் சுமையும் அம்மாவின்மீதே விழுந்தது. அருகில் அமர்ந்து, எந்தச் சொல்லைச் சொன்னீர்களோ அதையே குறிப்பிட்டு, ‘அது தவறு’ என்று சொல்லுங்கள். காரணம் கூற வேண்டாம். உடனே பழையபடி பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். தினமும் நீங்களே சென்று அவரிடம் பேசுங்கள்.”

பிறர் மனத்தைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை தருவதுமான பேச்சை வாக்கின் தவம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் கூறுகிறது. தவம் என்பதால் அது ஒரே நாளில் கைகூடாது. துகாராமை எதிர்த்துத் துன்புறுத்திய ராமேஷ்வர் பட்டர் பின்னர் மனம் வருந்தி அவருக்கே சீடரானார் என்பது மரபு. துகாராமைப் போற்றும் ஆரத்திப் பாடலும் அவர் இயற்றியதே. பழித்த நாவே துதிக்கும் நாவாயிற்று!

சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் சொன்ன நாவு இன்னும் நம்மிடம் இருக்கிறது; கேட்டவரும் அடுத்த அறையிலேயே இருக்கிறார். இன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு கணம் நின்று இறைவன் நாமத்தைச் சொல்லுங்கள். பின்னர் உள்ளே சென்று, நீங்களே முதலில் பேசுங்கள்.