பத்து டாலர் கோட்டை

பழைய கல்வெட்டுகளில் தானத்தின் அளவையும் எல்லையையும் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் இரண்டு வாசகங்கள் வரும். இந்தத் தருமத்தைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் என்பது ஒன்று. இதை அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது மற்றொன்று. தனக்குப் பின்னால் அரியணையில் உட்காரப் போகிறவனைப் பற்றி, கொடுத்த அரசனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. படையால் காக்க முடியாத காலத்துக்குச் சாபத்தைக் காவல் வைத்துவிட்டுப் போனான்.

அமெரிக்காவில் அந்தச் சாப வாசகம் இல்லை. 1906ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, மத்திய அரசின் நிலத்தை அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். அதை அடுத்து வருபவர் ரத்து செய்யலாமா? அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1938இல் அட்டர்னி ஜெனரல் ஹோமர் கமிங்ஸ் கருத்துரைத்தார். 87 ஆண்டுகள் அந்தக் கருத்து நின்றது. 2025 மே மாதக் கடைசியில், கமிங்ஸ் சொன்னது தவறு, தாராளமாக ரத்து செய்யலாம் என்று சட்டத்துறை ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது பேச்சில் இருந்தவை கலிபோர்னியாவின் இரண்டு நினைவுச்சின்னங்கள்தான். ஆனால் ஒரு கையெழுத்தால் வந்ததெல்லாம் இன்னொரு கையெழுத்தால் போகலாம் என்றாகிவிட்ட பிறகு, எந்த இடத்துக்கும் நிம்மதி இல்லை. வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டன் நகரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டுகிடக்கும் மன்றோ கோட்டைக்கும் இல்லை.

மன்றோ கோட்டையின் அறிவிப்பை ரத்து செய்யக்கூடாது. சட்டம் அனுமதித்தாலும் அறம் அனுமதிக்காது. ஊர் கூடிக் கேட்டு வாங்கிய பொதுநிலம் அது. கொடுத்தவர் கையை விட்டுப் போனதுமே அது எந்த ஆட்சிக்கும் உரியதாக இல்லாமல் போய்விட்டது.

அந்த நிலத்தில் நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் இந்த உறுதி ஏன் என்பது விளங்கும். 1619 ஆகஸ்டில் ‘ஒயிட் லயன்’ என்ற கப்பல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கியது இந்த முனையில்தான். ஆங்கிலேயர் குடியேறிய வட அமெரிக்காவில் அடிமை வரலாற்றின் முதல் பக்கம் இங்கே எழுதப்பட்டது. 1819இல் தொடங்கி 1834 வரை இங்கே கற்கோட்டை எழும்பியபோது, கல் சுமந்தவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். பிறகு 1861 மே 23. வர்ஜீனியா ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த அதே நாள் இரவு, பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி, எதிர்க்கரையிலிருந்து இருட்டில் துடுப்புப் போட்டு வந்து, இன்னும் ஒன்றியத்தின் கையில் இருந்த இந்தக் கோட்டையில் அடைக்கலம் கேட்டார்கள். அதுவரை அவர்கள் ஒன்றியத்தை விட்டு விலகிய தென்மாநிலங்களின் படைக்காகப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள். குடும்பத்தைவிட்டு இன்னும் தெற்கே கொண்டுபோகப்படுவோம் என்ற பயம் அவர்களைக் கிளப்பியது.

கோட்டைக்குத் தளபதியாக வந்து ஒரு நாளே ஆகியிருந்த பெஞ்சமின் பட்லர், தொழிலால் வக்கீல். மறுநாள் உரிமையாளர் கர்னல் மல்லோரியின் சார்பில் ஒரு மேஜர் வெள்ளைக்கொடியோடு வந்து, ஓடிப்போன அடிமையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை நினைவூட்டினார். நீங்கள்தான் எங்கள் நாடே வேண்டாம் என்று போய்விட்டீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எதற்கு என்று பட்லர் மடக்கினார். எதிரியின் போர் வேலைக்குப் பயன்பட்ட சொத்து, ஆகவே பறிமுதல் என்றார். மனிதர்களைச் சரக்கு என்று ஏற்றுக்கொண்டே அவர்களை விடுவித்த விந்தையான வாதம் அது. அறம் நேர்வாசலில் வர முடியாதபோது இப்படிப் புழக்கடைப் பக்கமாகவும் வரும்போலும். செய்தி பரவியது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கிலும், உள்நாட்டுப் போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கிலும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது என்று தென்மாநிலப் படை ஹாம்ப்டன் ஊரையே கொளுத்தியது. எரிந்த ஊரின் புகைபோக்கிகளைச் சுவராக வைத்தே வந்தவர்கள் குடிசை போட்டார்கள். ‘விடுதலைக் கோட்டை’ என்று மன்றோ கோட்டைக்குப் பெயரானது.

அடைக்கலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் கனம் அறிந்தவர்களுக்கு இதன் பெருமையை விளக்க வேண்டியதில்லை. புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த மன்னனின் மரபைச் சோழர்கள் தங்கள் மரபென்று சொல்லிக்கொண்டார்கள். புலவர்களும் அதைச் சொல்லியே அவர்களை இடித்துரைத்தார்கள். சிலம்பில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, கோவலன் மாண்ட செய்தி கேட்டு, அடைக்கலத்தை இழந்தேன் என்று தீயில் விழுந்தாள். அவளுக்கு ஒரு படை இல்லை, மதில் இல்லை. ஆயர் சேரியில் ஒரு வீடுதான். கொடுத்த காப்பு முறிந்தபின் அவளால் உயிரோடு இருக்க முடியவில்லை.

மணிமேகலையிடம் போனால் இன்னும் நெருக்கமான சான்று கிடைக்கிறது. என்ன வேண்டும் கேள் என்கிறான் சோழ மன்னன். அமுதசுரபியை ஏந்தியவள் பொன் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தா என்கிறாள். அந்தக் காதைக்குப் பெயரே அதுதான். வாளும் விலங்கும் ஆண்ட கட்டடத்தை வாங்கி, யார் வேண்டுமானாலும் வந்து அமரும் இடமாக்குவதை நம் காப்பியம் இப்படிக் கொண்டாடியது. மன்னனும் கொடுத்தான். அடுத்த மன்னன் அதை மறுபடி சிறையாக்கினான் என்று சாத்தனார் எழுதவில்லை.

ஹாம்ப்டன் மக்கள் கேட்டதும் இதுபோன்றதுதான். 2005இல் ராணுவம் கோட்டையைவிட்டு வெளியேற முடிவெடுத்ததும், கடலோர நிலத்தில் என்ன கட்டலாம் என்ற கணக்குகள் தொடங்கிவிட்டன. சுமார் 565 ஏக்கர் நிலம், சுற்றிலும் அலை. யாருக்குத்தான் வாய் ஊறாது? அப்போது ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, இதைத் தேசியப் பூங்காவாக்குங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். பூங்கா என்றால் நமக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே அந்தச் சொல்லுக்குள் போர்க்களமும் சிறைச்சாலையும் கோட்டையும் அடங்கும். கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்தார்கள், மனு எழுதினார்கள். அடிமைகளின் வழிவந்தவர்களும், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் ஒரே மேசையில் பேசினார்கள். 2011 செப்டம்பரில் ராணுவம் காலி செய்தது. நவம்பர் 1 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா கோட்டையைத் தேசிய நினைவுச்சின்னமாக்கிக் கையெழுத்திட்டார். தொல்பொருள் சட்டத்தை அவர் பயன்படுத்திய முதல் அறிவிப்பு அது. கிடைத்தது சுமார் 325 ஏக்கர். அதுவும் இரண்டு துண்டு. நடுவில் மாநிலத்தின் கையில் ஒரு நிலம்.

வள்ளுவர் அரணுக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கியவர். அதில் அவர் சொல்லும் நால்வகை அரணைப் பாருங்கள்: தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழலடர்ந்த காடு. இது கோட்டையின் இலக்கணமா, பூங்காவின் இலக்கணமா? மன்றோ கோட்டையில் அகழி உண்டு, வெளி உண்டு. மதிலுக்குள் அணிவகுப்புத் திடலில், 500 ஆண்டு பழமையானது என்று சொல்லப்படும் ஓக் மரம் ஒன்று கிளையைத் தரைவரை தாழ்த்தி நிற்கிறது. மலைதான் இல்லை. காக்கும் வாயில் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. பறம்பு மலையைப் பாடிய கபிலரும் மதிலின் உயரத்தைப் பேசவில்லை. மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழாமலே விளையும் நான்கைச் சொல்லி, இவை இருக்கும்வரை முற்றுகை வெல்லாது என்றார். நிலத்தைத் துண்டுபோட்டுப் பட்டா எழுதிக் கொடுத்த பிறகு எந்தப் பறம்பும் பறம்பாக இருக்க முடியாது.

மறுபக்கத்துக்கும் ஒரு வாதம் இருக்கிறது. 170 பழைய கட்டடங்களுக்குக் கூரை மாற்ற வேண்டும், கடற்சுவரைப் பார்க்க வேண்டும். ராணுவம் போனதில் ஆயிரக்கணக்கானோரின் வேலையும் இடம் மாறிப்போனது. கோட்டை தன் செலவைத் தானே சம்பாதிக்கட்டும் என்று மாநிலம் நினைப்பதில் தவறில்லை. இருக்கும் வீடுகளை வாடகைக்கு விடட்டும், யார் தடுத்தது? ஆனால் செலவுக்கு வழி தேடுவது வேறு, வீட்டையே விற்றுச் செலவு செய்வது வேறு. பூங்காவுக்காகப் போராடியவர்களும் இங்கே கொஞ்சம் வழுக்கியிருக்கிறார்கள். பூங்கா வந்தால் சுற்றுலா வரும், ஊருக்கு வருமானம் பெருகும் என்று அவர்களும் வாதாடினார்கள். வருமானத்தைச் சொல்லிக் காத்ததை, அதைவிடப் பெரிய வருமானத்தைச் சொல்லி ஒருவன் பறித்துக்கொண்டு போவான். அப்போது எந்த முகத்தோடு தடுப்பது?

நிலம் போகாமலேயே பூங்கா போகவும் வழி இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த அரசாணையை ஒட்டி, தேசியப் பூங்காக்களில் க்யூஆர் குறியோடு அறிவிப்புகள் வைக்கப்பட்டன. இறந்த அமெரிக்கரையோ இருக்கும் அமெரிக்கரையோ குறைத்துப் பேசும் வாசகம் கண்ணில் பட்டால் செல்போனில் தெரிவிக்கலாம் என்றன அவை. அந்த மூவரின் கதையைக் கர்னல் மல்லோரியைக் குறைத்துப் பேசாமல் எப்படிச் சொல்வது? படகேறிய மூவரும் இறந்துபோன அமெரிக்கர்கள்தானே. அவர்கள் கதையை எடுத்துவிட்டால் குறைவது யார்? முன்னோரின் பிழையை மறைப்பது பிள்ளைகள் செய்யும் மரியாதை ஆகாது. திதி கொடுக்கும்போது பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தப்பு செய்த தாத்தாவுக்கும்தான்.

பெயர் என்றதும் அந்தக் கோட்டையின் இரும்பு வளைவு நினைவுக்கு வருகிறது. தென்மாநிலங்களின் தலைவராயிருந்த ஜெஃபர்சன் டேவிஸ், போருக்குப் பின் 1865 முதல் 1867 வரை இங்கே சிறை வைக்கப்பட்டிருந்தார். 1956இல் மதில்மேல் ஒரு வளைவை நிறுத்தி, ‘ஜெஃபர்சன் டேவிஸ் நினைவுப் பூங்கா’ என்று இரும்பு எழுத்துகளைப் பொருத்தினார்கள். படகில் வந்த மூவருக்கு அந்த வளைவில் இடமில்லை. சிறையிருந்தவருக்குப் பூங்காவே கிடைத்தது. முதல் ஆப்பிரிக்கர்கள் இறங்கிய 400ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2019 ஆகஸ்டில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோட்டையின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வளைவை விட்டுவைத்தார்கள்.

அதே 1956இல்தான் தென்கரோலினாவில் இன்னொரு கோட்டை தன் தகுதியை இழந்தது. சார்லஸ்டன் துறைமுகத்தில், சிறு தீவொன்றில் இருக்கும் பிங்க்னி கோட்டை. 1924இல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கமிங்ஸ் 1938இல் எழுதிய கருத்து இந்தக் கோட்டையைப் பற்றியதுதான். குடியரசுத் தலைவரால் நீக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டதால், பின்னாளில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நீக்கியது. கோரிப் போராட ஓர் ஊர் அதற்கு வாய்க்கவில்லை. 2011இல், ஹாம்ப்டன் மக்கள் தங்கள் பூங்காவைப் பெற்ற அதே ஆண்டில், மாநிலத் துறைமுக ஆணையம் அதை விற்றது. வாங்கியது, தென்மாநிலப் படைவீரர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் சங்கம். விலை பத்து டாலர்.