பட்ட மரம்

என் அத்தையைப் 'பட்ட மரம்' என்று சொன்னவர்கள் யாரும் பகையாளிகள் இல்லை. அத்தைக்கு அப்போது 31 வயது. பிள்ளை இல்லை, மாமா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, இரக்கத்தோடு சொன்னார்கள். வசையென்றால் சண்டை போடலாம். இரக்கத்தை என்ன செய்வது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் காலிமனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. கிளைகளை அறுத்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். அடிமரம் கனம் என்று கிடந்துவிட்டது. முதல் வருஷம் பட்டை கழன்றது. அடுத்த மழையில் காளான் அடுக்கடுக்காக முளைத்தது. பிறகு கறையான், பூரான், அரணை. காலையில் மைனாக்கள் வந்து அதைக் கிண்டிக்கொண்டிருக்கும். மழை விட்டு வெகுநாள் ஆன பிறகும் அடியில் கை வைத்தால் ஈரம் இருந்தது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, செத்த மரத்தை நம்பியே வாழ்கிறதாம். அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் பக்கம், ஓடையில் விழுந்த மரங்களை அடைசல் என்று 1970கள் வரை அள்ளி எறிந்தார்கள், சால்மன் மீனுக்கு வழிவிடுகிறோம் என்ற நல்லெண்ணத்தில். ஆனால் கட்டை மறிக்கும் இடத்தில்தான் நீர் சுழன்று மடு உண்டாகிறது, சரளை தங்குகிறது. சால்மன் முட்டையிடுவது அந்தச் சரளையில். குஞ்சுகள் வெள்ளத்தின் வேகத்துக்கு ஒதுங்குவது அந்த மடுவில். பிறகு பணம் செலவழித்து மறுபடி கட்டைகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இதையெல்லாம் உற்சாகமாக அத்தையிடம் சொன்னேன். பட்ட மரத்தில் எவ்வளவு உயிர் பாருங்கள் என்றேன்.

"அப்போ நான் கறையானுக்காச்சும் ஆவேன்னு சொல்றியாடி?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வசையை மறுப்பதாக நினைத்து அதன் கணக்கையே நான் ஒப்புக்கொண்டிருந்தேன். பலன் தந்தால்தான் இருக்கலாம் என்கிற கணக்கு. அந்தக் கணக்கில் அத்தை ஏற்கெனவே தேர்ந்தவர்தான்: எங்கள் இரண்டு பேரை வளர்த்தார், பாட்டிக்குப் பீ மூத்திரம் அள்ளினார், சம்பளத்தை அப்படியே அப்பாவிடம் கொடுத்தார். யாரும் வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். சிறுவயதில் ஏரிக்கரையில் சுள்ளி பொறுக்கியவர் அவர். மரத்தை விற்றவர்கள் ஆண்கள். விலை போகாத சுள்ளிதான் பெண்களுக்கு. 2006 வன உரிமைச் சட்டத்திலும் சுள்ளியும் அடிக்கட்டையும் 'சிறு' வனப்பொருள்தான். இப்போது அந்தச் சுள்ளியையும் வண்டுக்கு விட்டுவை என்று யாரிடம் சொல்வது? லாரியில் ஏற்றியவரிடம் சொல்லிவிட்டு, அடுப்புக்கு வழி செய்துவிட்டு, பிறகு தலைச்சுமைக்காரியிடம் வரலாம். வரிசை மாறினால் அது சூழலியலே இல்லை என்பேன்.

மனை பின்னர் கைமாறியது. வாங்கியவர் கட்டையை அப்புறப்படுத்தச் சொன்னார். அத்தை போய், பின்மூலையில் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டார்.

"எதுக்கும்மா?" என்றார் மேஸ்திரி.

"சும்மாதான்."

நகர்த்தும்போதே பாதி உதிர்ந்துவிட்டது. மீதியை மூலையில் போட்டுவிட்டுப் போனார்கள்.