வீட்டுவரியும் அமானத்தும்

“ஜகாத் கொடுப்பவனுக்கு வீட்டுவரியும் எதற்கு? அதையும் உயர்த்துவதா?” என்று வில்லியனூர் அன்பர் ஒருவர் வினவினார். ஜகாத் பெறுவோரைத் திருமறை எண்வகையினராக வரையறுத்துவிட்டது. தெருவிளக்கும் கழிவுநீர்க் கால்வாயும் அவற்றுள் அடங்கா. அவ்விளக்கொளியில் இஷாத் தொழுகைக்கு நடந்துவிட்டு வரியை மறைப்பது அமானத்துக்கு மோசடியே.

ஆயினும் கேட்பவருக்கும் கடமையுண்டு. தாத்தாரியர் போருக்கென சுல்தான் பைபர்ஸ் மக்களிடம் பொருள் கேட்டபோது, முதலில் அரண்மனைப் பொன்னைச் செலவிடுக என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மறுத்துரைத்ததாகக் கூறுவர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அவ்வாறு கேட்க மன்றம் வேண்டுமே! 1968க்குப்பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் உறுப்பினர் காலம் முடிந்தபின் பல்லாண்டுகள் அதிகாரிகளே நிர்வகித்தனர்.

அன்பர் பாக்கியைச் செலுத்தினார். கையோடு, செலவுக் கணக்குக் கேட்டு ஒரு விண்ணப்பமும் கொடுத்து வந்தார்.